கோலாலம்பூரில் ஒப்பந்த பென்டெஸ்டர் ஆவது எப்படி: அனுமதிக் கடிதத்திலிருந்து மறுசோதனை வரை

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தம்பி தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். காளி லினக்ஸ், பர்ப் சூட், என்மேப், பிளட்ஹவுண்ட் என்று இந்தத் தொழிலின் மென்பொருள்கள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்திருந்தான். "அண்ணே, இனிமே நான் தனியா கான்ட்ராக்ட் எடுக்கலாம்ல?" என்றான். என் பையிலிருந்து நான்கு பக்கத் தாளை எடுத்து அவன் முன் வைத்தேன். நான் வழக்கமாகப் பயன்படுத்தும் அனுமதிக் கடிதத்தின் வெற்றுப் படிவம் அது. "இதை நிரப்பத் தெரியுமா?" என்று கேட்டேன். தலையாட்டவில்லை. அந்த மாலை முழுக்க அந்த நான்கு பக்கத்தைப் பற்றியே பேசினோம். அன்று சொன்னவற்றையும் சொல்ல நேரம் இல்லாமல் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பென்டெஸ்ட் என்றால் ஊடுருவல் சோதனை. ஒரு நிறுவனம் தன் இணையதளத்தையோ செயலியையோ உள்வலையையோ நம்மிடம் கொடுத்து, "திருடன் வந்தால் எங்கே நுழைவான், பார்த்துச் சொல்" என்கிறது. அதற்கு அவர்கள் காசு கொடுப்பது இரண்டு தாளை நம்பித்தான்: வேலைக்கு முன் அவர்கள் தரும் அனுமதி, வேலைக்குப் பின் நாம் தரும் அறிக்கை. நடுவில் நடக்கும் நுழைவு வேலைதான் நம்மை இந்தத் தொழிலுக்கு இழுத்தது. ஆனால் சோறு போடுவது அந்த இரண்டு தாளும்தான். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

மலேசியாவில் கணினிக் குற்றங்கள் சட்டம் 1997 என்று ஒன்று இருக்கிறது. அதன் 3-வது பிரிவுப்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நீங்கள் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, எதையும் கெடுத்திருக்கவும் வேண்டியதில்லை. "நல்லதுக்குத்தான் சார் பார்த்தேன்" என்று சொல்லித் தப்பிக்கவும் அந்தப் பிரிவு வழி விடவில்லை.

இரண்டாவது, சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024. அது 2024 ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் உரிமம் வாங்கியே செய்ய வேண்டிய சேவைகளில் ஊடுருவல் சோதனையும் ஒன்று. உரிமம் கொடுப்பது தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனமான நாக்சா. உரிமம் இல்லாமல் சேவை வழங்கினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சேவை வழங்குவது மட்டும் குற்றம் இல்லை, வழங்குகிறேன் என்று விளம்பரம் செய்வதும் குற்றம். உரிமம் கைக்கு வருமுன் லிங்க்ட்இனில் "பென்டெஸ்ட் சேவை, குறைந்த விலை" என்று போடாதீர்கள்.

ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்தால் உரிமம் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீங்கள் தனியாக வாங்க வேண்டியதில்லை. சொந்தப் பெயரில் வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் போடும் நாளிலிருந்து உங்களுக்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கம்பெனிக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரராகப் போவதென்றால், உங்கள் நிலை என்ன என்பதை அந்தக் கம்பெனியிடமும் நாக்சாவிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லை நம்பி உட்கார வேண்டாம்.

விண்ணப்பதாரர் மோசடி, நேர்மையின்மை போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டவராக இருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. பதினெட்டு வயதில் பள்ளி சர்வருக்குள்ளோ பக்கத்து வீட்டு வைஃபைக்குள்ளோ விளையாட்டாக நுழைகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கைநிறைய திறமை உள்ள பிள்ளைகள் அவர்கள். ஒரு வழக்கில் தண்டனை வந்தால் இந்தக் கதவு அடைபடலாம்.

உரிமம் பெற்றபின் இன்னொரு கடமை வருகிறது. யாருக்காக, யார், எந்தத் தேதியில் எந்த நேரத்தில், என்ன வகைச் சேவை செய்தோம் என்ற பதிவைக் குறைந்தது 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சோதனையில் எடுத்த கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் தரவையும் அத்தனை காலம் வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைப் பதிவை வைத்திருங்கள். எடுத்த தரவை, ஒப்பந்தம் சொல்லும் நாளில் அழித்து, அழித்ததாக ஒரு கடிதம் கொடுங்கள். நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி மெய்நிகர் கணினி வைத்திருக்கிறேன், வட்டு முழுக்க என்கிரிப்ட் செய்தது. வேலை முடிந்தால் அந்தக் கணினியையே துடைத்துவிடுவேன்.

கற்றுக்கொள்வது

இதைப் பற்றி யூடியூபில் நிறைய இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வலையமைப்பு, லினக்ஸ், ஏதாவது ஒரு நிரல்மொழி, இவை மூன்றும் அடித்தளம். வெப் சோதனைக்குப் போர்ட்ஸ்விக்கரின் இணையப் பயிற்சிக்கூடம் இலவசம், அதை முழுசாக முடியுங்கள். ஹாக் தி பாக்ஸ், ட்ரைஹாக்மி இரண்டும் அனுமதியோடு உடைத்துப் பழகும் இடங்கள். வெப் செயலிகளின் முக்கியமான பத்து ஆபத்துகளைச் சொல்லும் ஓவாஸ்ப் டாப் 10 பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, அதில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள்.

சான்றிதழில், கணினிகளை உடைத்துக் காட்டும் செய்முறைத் தேர்வான ஓ.எஸ்.சி.பி.க்கு இங்கே நல்ல மதிப்பு. 23 மணி 45 நிமிடத் தேர்வு, அதற்குப் பிறகு அறிக்கை எழுத இன்னும் 24 மணி நேரம். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. அறிக்கை சரியில்லை என்றால் கணினியை உடைத்ததற்கான மதிப்பெண்ணும் போகும். தொழில் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தத் தேர்வே நல்ல மாதிரி. வங்கி வேலைகளுக்குக் கிரெஸ்ட் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பின் சான்றிதழும் கேட்பார்கள்.

சான்றிதழ் வந்த கையோடு தனியாக இறங்காதீர்கள். குறைந்தது இரண்டு ஆண்டு ஒரு குழுவில் வேலை பாருங்கள். வாடிக்கையாளர் கூட்டத்தில் மூத்தவர் எப்படிப் பேசுகிறார், ஒரு சர்வர் படுத்துவிட்டால் யாரை முதலில் அழைக்கிறார், இதையெல்லாம் எந்தப் பயிற்சிக்கூடமும் சொல்லித் தராது.

பதிவும் விலையும்

தனி ஆளாகத் தொடங்க எஸ்.எஸ்.எம். எனும் கம்பெனிகள் ஆணையத்தில் வணிகப் பதிவு போதும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஆனால் தனி உரிமையாளர் பதிவில் கம்பெனியின் கடன் உங்கள் கடன். வழக்கு வந்தால் வீடு வரை வரும். வாடிக்கையாளர்கள் பெருகும்போது செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக மாறுவது நல்லது. பெரிய வங்கிகள் தனி உரிமையாளரை விற்பனையாளர் பட்டியலில் சேர்க்கவும் தயங்குவார்கள்.

வருமான வரிக்கு இனி சம்பளக்காரர்களின் பி.இ. படிவம் இல்லை, தொழில் செய்வோரின் பி படிவம், ஜூன் 30-க்குள். வரி வாரியமான எல்.எச்.டி.என். உங்களுக்கு சி.பி.500 என்ற தவணை அறிவிப்பை அனுப்பினால், இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக ஆண்டுக்கு ஆறு தவணை கட்ட வேண்டும். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு பத்திரமாக வையுங்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) போட முதலாளி இல்லை என்பதால் அதன் ஐ-சரான் திட்டத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் சுயதொழில் செய்வோருக்குத் திட்டம் இருக்கிறது.

விலை சொல்வதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய மாதச் சம்பளத்தை 22 நாளால் வகுத்து அதையே நாள் கூலியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவு மாதம் 6,000 ரிங்கிட், இ.பி.எஃப்., காப்புறுதி, மென்பொருள் சந்தா எல்லாம் 1,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7,500. மாதத்தில் உண்மையாக பில் போட முடிகிற நாள் பத்துதான் கிடைக்கும், மீதி நாள் கூட்டத்திலும் கோட்டேஷனிலும் காசு கேட்டு அலைவதிலும் போய்விடும். ஆக, நாளுக்கு 750-க்குக் கீழே போனால் கையைக் கடிக்கும். 22-ஆல் வகுத்தவருக்கு சுமார் 341 வந்திருக்கும்.

வேலை நாளை எண்ணும்போது அறிக்கையையும், ஓட்டைகளை அவர்கள் அடைத்தபின் மறுபடி பார்க்கும் மறுசோதனையையும் விட்டுவிடாதீர்கள். மூன்று வகைப் பயனர்கள் உள்ள ஒரு சாதாரண வெப் செயலிக்கு நான் ஐந்து நாள் சோதனை, இரண்டு நாள் அறிக்கை, ஒரு நாள் மறுசோதனை என்று எட்டு நாள் போடுவேன். "மூணு நாள்ல முடிச்சிடுங்க" என்று பேரம் பேசினால் விலையைக் குறைக்காமல் ஸ்கோப்பை, அதாவது சோதிக்கும் எல்லையைக் குறையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றுலா விசாவில் வந்து இங்கே வேலை எடுக்க முடியாது. குடிநுழைவு அனுமதியை முடித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

அனுமதிக் கடிதம்

இதில் என்ன இருக்க வேண்டும்? எந்த ஐ.பி. (கணினியின் வலை முகவரி எண்), எந்த டொமைன், எந்தச் செயலி என்ற பட்டியல். எவற்றைத் தொடக்கூடாது என்ற பட்டியல். தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்த மணிக்குள். எந்த ஐ.பி.யிலிருந்து நான் வருவேன். ஊழியர்களை ஏமாற்றும் மின்னஞ்சல் அனுப்பலாமா, கூடாதா. ஏதாவது நின்றுவிட்டால் நள்ளிரவிலும் எடுக்கிற இரண்டு கைப்பேசி எண்கள். கடைசியாகக் கையெழுத்து: அந்தக் கணினிகளுக்கு உண்மையிலேயே பொறுப்பானவர் கையெழுத்து. கொள்முதல் பிரிவு அதிகாரி போடும் கையெழுத்து காசுக்குப் போதும், நுழைவதற்குப் போதாது.

சர்வர் வாடகை இடத்தில் இருந்தால் இடத்துக்காரரின் விதியையும் பாருங்கள். அமேசானும் மைக்ரோசாஃப்டும் தங்கள் கிளவுடில் வாடிக்கையாளர் தம் சொந்த அமைப்பைச் சோதிக்க முன் அனுமதி கேட்பதை விட்டுவிட்டார்கள். அதற்கும் வரம்பு உண்டு. சேவையை முடக்கும் சோதனைகளைச் செய்யவே கூடாது. இங்குள்ள சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகளிடம் தனியாகக் கேட்டே ஆக வேண்டும், ஒரே சர்வரில் பத்து வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்.

ஒரு முறை ஒரு வாடிக்கையாளர் எக்செல் தாளில் பதினான்கு ஐ.பி. அனுப்பினார், கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. சோதனை தொடங்குமுன் ஒவ்வொன்றையும் உலாவியில் திறந்து பார்ப்பது என் பழக்கம். ஒன்பதாவது முகவரியில் ஒரு உள்நுழைவுப் பக்கம் வந்தது. பூட்டுக் குறியைத் தட்டி அதன் சான்றிதழைப் பார்த்தேன், வேறொரு கம்பெனியின் பெயர். அப்படியே கையை எடுத்துவிட்டு அழைத்துக் கேட்டேன். அவர்கள் இரண்டு ஆண்டுக்கு முன் அலுவலகம் மாறியிருக்கிறார்கள், பழைய ஐ.பி. இணையச் சேவை நிறுவனத்துக்குத் திரும்பிப் போய், அது வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. தாளைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒன்பதாவது வரியை நம்பி ஸ்கேன் போட்டிருந்தால், முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் கணினியைத் தாக்கியவன் நான். வாடிக்கையாளரின் முத்திரை என்னைக் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் தன்னுடையது அல்லாததற்கு அவர் அனுமதி கொடுக்க முடியாது. அன்றிலிருந்து ஐ.பி. உரிமையைச் சரிபார்ப்பதற்கென்றே அரை நாள் ஒதுக்கி, அதையும் கோட்டேஷனில் எழுதிவிடுகிறேன்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்று: உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு. வழக்கமாக அந்த ஒப்பந்தத் தொகைதான் வரம்பு. "எல்லா நஷ்டத்துக்கும் சோதனையாளர் பொறுப்பு" என்ற வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள், திருத்தி வாங்குங்கள். தொழில்முறை இழப்பீட்டுக் காப்புறுதியும் எடுத்து வையுங்கள்.

சோதனை நாட்கள்

நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உள்வலைச் சோதனை ஒன்றில், எல்லாக் கணக்கிலும் ஒரே பொதுவான கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்கும் முறையைக் கையாண்டேன். ஐந்து முறை தவறினால்தான் கணக்குப் பூட்டும் என்று சொல்லியிருந்தார்கள், நான் மூன்றோடு நிறுத்தினேன். ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் தனி விதி இருந்தது, மூன்றிலேயே பூட்டிவிடும். இரவில் ஓடிய வேலை அது. மறுநாள் திங்கள்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு மஸ்ஜித் ஜாமேக்கில் எல்.ஆர்.டி. ரயில் மாறுகிறேன், கைப்பேசி அடிக்கிறது: கணக்குப் பிரிவில் நாற்பது பேர் உள்ளே போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் போடும் வாரம் அது.

உடனே என்ன செய்தேன் என்பதை முழுசாகச் சொன்னேன், எந்தக் கணக்குகள், எந்த நேரம் என்று பதிவேட்டிலிருந்து பட்டியல் அனுப்பினேன். இருபது நிமிடத்தில் திறந்துவிட்டார்கள். பதிவேடு இருந்ததால் பிழைத்தேன். இப்போது கடவுச்சொல் விதியை நானே உள்ளே பார்த்து உறுதிசெய்யாமல், தனிப் பிரிவு விதிகளையும் கேட்காமல், ஒரு முறைகூட முயல்வதில்லை. ஞாயிறு இரவில் எதையும் ஓட விடுவதும் இல்லை. ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு பதிவாக வேண்டும். அதை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

பினாங்குக்கு வேலை வந்தால் தனியாக யோசியுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இருப்பது, சில ஆலைகளில் பத்து பதினைந்து ஆண்டுப் பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. வலையில் என்னென்ன கருவிகள் உள்ளன என்று தட்டிப் பார்க்கும், அலுவலகக் கணினிக்கு ஒன்றும் ஆகாத என்மேப் ஸ்கேன், அங்கே ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை அப்படியே உறைய வைத்துவிடும். உற்பத்தி வரிசை நின்றால் நிமிடக் கணக்கில் நஷ்டம், அருகில் ஆள் நின்றால் ஆபத்தும்கூட. வலைப் போக்குவரத்தைக் கேட்டு மட்டும் பாருங்கள், பராமரிப்புக்காக வரிசையை நிறுத்தும் நாளில் மற்றதைச் செய்யுங்கள், பக்கத்தில் ஆலைப் பொறியாளர் நிற்காமல் எதையும் அனுப்பாதீர்கள். ஆலை வேலையைப் புதியவர் தனியாக எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பெரிய ஓட்டை ஒன்று கிடைத்தால் அறிக்கை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே அழையுங்கள். அழைக்கும்போது அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு முதலில் சொல்லுங்கள். ஒரு முறை ஒரு அக்கா, தனி ஆளாக முப்பது சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, என் வேலை போயிடுமா?" என்றார். ஆள் போதாது என்று அவர் மூன்று முறை மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அறிக்கையின் காரணப் பகுதியில் "பராமரிப்புக்குப் போதிய ஆள் இல்லை" என்று நான் எழுதினேன், அது உண்மையும்தான். அடுத்த ஆண்டு போனபோது அவருக்கு இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள்.

அறிக்கை

இங்கே அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். எந்த மொழியானாலும் கட்டமைப்பு ஒன்றே. முதல் ஒன்றரைப் பக்கம் நிர்வாகத்துக்கு, கணினிச் சொல் இல்லாமல். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டையும்.

ஒரு ஓட்டையை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். பில் கட்டும் இணையதளம், முகவரியின் கடைசியில் 1048 என்று பில் எண். அதை 1049 ஆக்கினால் இன்னொரு கணக்கின் பில் திறக்கிறது. புதியவர் இப்படி எழுதுவார்: "ஐடார் ஓட்டை உள்ளது. தீவிரம் அதிகம். அணுகல் கட்டுப்பாட்டைச் சரிசெய்யவும்." ஐடார் என்பது இந்த வகை ஓட்டையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். படிக்கும் நிரலாளருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: "உள்நுழைந்த எந்தப் பயனரும் முகவரியில் உள்ள பில் எண்ணை மாற்றி மற்றவர்களின் பெயர், வீட்டு முகவரி, கட்டணத் தொகை ஆகியவற்றைப் பார்க்கலாம். எங்களுக்குக் கொடுத்த இரண்டு சோதனைக் கணக்குகளுக்கு இடையில் இதை உறுதிசெய்தோம், உண்மையான வாடிக்கையாளர் பில் எதையும் திறக்கவில்லை. சர்வர், பில் கேட்பவர் அதன் உரிமையாளர்தானா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தச் சரிபார்ப்பைச் சேர்க்கவும். எண்ணை யூகிக்க முடியாத நீண்ட குறியீடாக மாற்றுவது மட்டும் தீர்வாகாது." அதன் கீழே படிப்படியாகப் படங்கள், நிரலாளர் தானே செய்து பார்க்கும் அளவுக்கு.

"திறக்கவில்லை" என்ற அந்தச் சொல் முக்கியம். ஓட்டை இருப்பதை நிரூபிக்க இரண்டு பதிவு போதும், இரண்டாயிரத்தை இறக்கிப் பார்த்தால் நீங்களே தரவுக் கசிவு ஆகிவிடுவீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் கசிவு நடந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களால் ஒருவர் அந்தக் கடிதம் எழுத வேண்டி வரக்கூடாது.

தீவிர மதிப்பெண்ணை, ஓட்டைகளின் தீவிரத்தை அளக்கும் பொது முறையான சி.வி.எஸ்.எஸ்.ஸில் போடுங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். எண்ணைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கெஞ்சுவார், தணிக்கைக்குப் போக வேண்டுமே என்பார். புதிய ஆதாரம் காட்டினால் மாற்றலாம். முகத்துக்காக மாற்றக்கூடாது.

வேலை எங்கே, காசு எப்போது

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆர்.எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்ப இடர் மேலாண்மை விதிகள் 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ளன. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் ஆண்டுதோறும் ஊடுருவல் சோதனை செய்ய வேண்டும் என்பதால், வேலைக்குப் பஞ்சம் இல்லை. என் அனுபவத்தில் செப்டம்பருக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், சீனப் புத்தாண்டு சமயத்தில் கைப்பேசி அடிக்காது. அந்த மாதங்களுக்குக் காசு சேர்த்து வையுங்கள்.

புதியவருக்கு வங்கி நேரடியாகக் கிடைக்காது, உரிமம் உள்ள நடுத்தர நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கும். அங்கே ஒப்பந்தத்தில், "எங்களுக்கு வாடிக்கையாளர் கொடுத்தபின்தான் உங்களுக்கு" என்ற வரி ஒளிந்திருக்கும். அதை நீக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அதிகபட்சம் 60 நாள் என்று எழுதி வாங்குங்கள். நேரடி வாடிக்கையாளர் என்றால் பாதி முன்பணம், மீதி வரைவு அறிக்கை கொடுத்தவுடன். மறுசோதனை முடிந்தபின் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஓட்டையை அடைக்க ஆறு மாதம் எடுத்தால் உங்கள் காசும் ஆறு மாதம் தூங்கும்.

மறுசோதனைக்கு ஒரு கெடு வையுங்கள், நான் வைப்பது 90 நாள். பழைய அனுமதிக் கடிதத்தின் தேதி அதற்குள் முடிந்திருக்கும், எனவே புதுக் கடிதம் வேண்டும். இதை மறந்துவிட்டு நுழைந்தால் அதுவும் அனுமதியில்லாத நுழைவுதான். ஒவ்வொரு ஓட்டையையும் பழைய படியிலேயே மீண்டும் செய்து பாருங்கள், அதன் பிறகு சுற்றுவழியிலும் ஒரு முறை. அந்த பில் தளத்தில் 1049-ஐ அடைத்திருந்தார்கள், ஆனால் கைப்பேசிச் செயலி அழைக்கும் முகவரி அப்படியே திறந்திருந்தது. "பகுதி சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து அழைத்தார்கள், மறுபடி பார்த்தேன், இரண்டும் மறுத்தன. "மூடப்பட்டது" என்று தேதியோடு எழுதிவிட்டு, அந்த வாடிக்கையாளரின் மெய்நிகர் கணினியை அழித்து, அழித்த கடிதத்தை அறிக்கையோடு இணைத்து அனுப்பினேன்.